தாராவுக்கும் தட்டுக்கும் ஒரு துவக்கு

மாமாவுக்குப் பிரெஞ்சில் மிகவும் பிடித்த சொல் 'வீ'. ஆமாம் என்பதற்கு நாங்கள் ஓம் என்போமே, அதற்கு அந்த மொழியில் உள்ள சொல் அது. பாரிசில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் மாமா சமையல்காரராக இருந்தார். அடுப்பு இரையும், புகைபோக்கி இரையும், அவற்றுக்கு மேலாகத் தலைமைச் சமையல்காரர் கத்துவார். இந்த இரைச்சலுக்குள் யார் என்ன கேட்டாலும் 'வீ' என்று சொல்லிவிட்டு, பிறகு ஆறுதலாக யோசிப்பது அவருடைய வழக்கம். இதனால் அவர் ஒருமுறை தெரியாமலே தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிட்டார். இன்னொருமுறை யாரோ ஒருவருடைய பூனையை ஒரு கோடைகாலம் முழுக்க வளர்க்க ஒப்புக்கொண்டார். மாமா எங்களோடு பாரிசுக்கு வெளியே பொண்டியில் இருந்தபடியால் அந்தப் பூனையை வளர்த்தது அம்மாதான்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அந்த 'வீ' எங்கள் குடும்பத்துக்கு ஒரு துவக்கை, வேட்டைத் துப்பாக்கி ஒன்றை, கொண்டுவந்தது.

மாமாவின் உணவகத்தில் இனிப்பு வகைகள் செய்கிற ஒரு பெண் இருந்தார். பிரெஞ்சுக்காரி. மாமா அவரை 'வேலையிடத்து ஆள்' என்று மட்டும் சொல்வார். மாமாவின் கையில் அவர் எனக்கு அடிக்கடி எக்ளேர் கொடுத்துவிடுவதால் நான் கேக் அன்ரி என்று பெயர் வைத்திருந்தேன். கேக் அன்ரியின் பிறந்தநாளுக்கு அவருடைய தகப்பனார் வடக்கே பிக்கார்டிச் சதுப்புநிலத்தில் இருந்து ரயிலேறி வந்து மகள் வேலை செய்யும் இடத்திலேயே சாப்பிட்டார். சாப்பிட்டது தாரா, அதாவது வாத்து. சாப்பாடு முடிந்ததும் குசினிக்குள் வந்து, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஏதோ கேட்டார். தாராவைப் பற்றிக் கேட்கிறார் என்பது வரைக்கும் மாமாவுக்கு விளங்கியது. தாரா சுடுவீரா என்ற கேள்வி. அன்றைய தாராவை அடுப்பில் சுட்டது மாமாதானே. 'வீ' என்றார்.

தாரா சுடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு என்பது மாமாவுக்கு அடுத்த நாள் கேக் அன்ரி சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் அதற்குள் கிழவர் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட்டார். கோடை கடைசியில் அவர்களுடைய ஊர்த் திருவிழா. அன்றைக்குக் களிமண் தட்டுகளை ஆகாயத்தில் எறிந்து சுடுகிற போட்டி நடக்கும். மாமா அதற்கு வரவேண்டும். இலையுதிர் காலத்தில் சதுப்புக்குத் தாரா வேட்டைக்கும் வரவேண்டும். துவக்கை மட்டும் கொண்டுவந்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வார்.

மாமா அப்போதே 'பிழையாக விளங்கிக்கொண்டேன், மன்னியுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று நான் யோசிக்கவேயில்லை. மாமா தாரா வேட்டைக்குப் போகிறார் என்பது எனக்கு அவர் சந்திரனுக்குப் போகிறார் என்பதைப்போல ஒரு பெருமையாக இருந்தது.

பிரான்சில் துவக்கு வாங்கி வேட்டைக்குப் போவதென்றால் அதற்கு ஒரு பெர்மி, அதாவது அனுமதிப்பத்திரம், எடுக்கவேண்டும். எழுத்தில் கேள்விகள் உண்டு, செய்முறையும் உண்டு. எங்கள் வீடுகளில் பெர்மி என்றால் ஒன்றே ஒன்றுதான்: கார் ஓட்டுகிற பெர்மி. மாமா மேசையில் புத்தகத்தோடு உட்கார்ந்து "பெர்மிக்குப் படிக்கிறன்" என்றதும் அம்மாவுக்கு நிலத்தில் கால் படவில்லை. பல வருடங்களாக அவர் தம்பியிடம் கெஞ்சிய விஷயம் அது. ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் அம்மா வேலை செய்த சீலைக்கடைக்கு வருகிற எல்லோருக்கும் செய்தி போனது. மாமா படிக்கும்போது தேத்தண்ணி தானாக வந்து மேசையில் இருந்தது.

கேள்வி கேட்கிற வேலை எனக்கு. பச்சைக் கழுத்துத் தாரா, சின்னத் தாரா, கரண்டிச் சொண்டுத் தாரா என்று படங்களைக் காட்டுவேன். எதைச் சுடலாம், எதைத் தொடக்கூடாது என்று மாமா சொல்லவேண்டும். ஒருநாள் அம்மா தேத்தண்ணியோடு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பக்கத்தின் ஒரு புறம் காட்டுப்பன்றி, மறுபுறம் தாராக்கள்.

"வடிவாப் படி தம்பி," என்றார் அம்மா. "இதுகள் பாத்திருந்து றோட்டுக்குக் குறுக்கை பாயும்."

மாமா தலையை நிமிர்த்தாமல் "ஓம் அக்கா" என்றார். நான் சிரித்துவிட்டேன். மேசைக்குக் கீழே அவருடைய கால் என் காலை மிதித்தது.

மாமா பாஸ் பண்ணியபோது அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து பாயாசம் வைத்தார். அப்பா சாவதானமாகப் பாயாசத்தைக் குடித்துக்கொண்டு, பழைய கார் வாங்குவது நல்லதா புதியது நல்லதா என்று தொடங்கினார். மாமா கோப்பையை வைத்தார்.

"கார் இல்லை அத்தான். துவக்கு."

அம்மா மிக மெதுவாகக் கேட்டார்.

"ஊரிலை வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே கடல் தாண்டி வந்தனாங்கள். இஞ்சை வந்து அதைக் கடையிலை போய் வாங்கிறதோ?"

மாமா 'வீ' என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மா எழுந்து போகும்போது, அந்தச் சாமான் இந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது என்று கதவைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அம்மா மாமாவோடு நேரே கதைக்கவில்லை. ஒரே மேசையில் இருந்துகொண்டு "உப்புப் போத்திலைத் தரச்சொல்லு உன்ரை மாமாவை" என்பார். நான் உப்பை வாங்கிக் கொடுப்பேன். பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று பழகிய எனக்குத் தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் நிற்பது பெரிய கஷ்டமாக இல்லை.

ஆனால் மாமாவின் பிடிவாதமும் அந்த வீட்டுப் பிடிவாதம்தானே. அவர் துவக்குக் கடைக்குப் போக நாள் குறித்துவிட்டார். அதைக் கேட்டதும் அம்மா, தானும் வருவதாகச் சொன்னார். துவக்கு எடுக்க அல்ல. இவனுக்கு விற்கவேண்டாம் என்று கடைக்காரருக்கு நேரே சொல்ல. அந்தச் செய்தியைப் பிரெஞ்சில் சொல்வதற்கு என்னையும் கூட்டிக்கொண்டார்.

கடை கார் து லெஸ்த் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. அம்மா சீலைக்கடையின் மத்தியான இடைவேளையில் சங்கிலி, காப்பு எல்லாம் போட்டபடியே நடந்து வந்தார். உள்ளே எண்ணெய் மணமும் மரத்தின் மணமும் கலந்து இருந்தது. கடைக்காரர் என்று ஒரு ஆணை எதிர்பார்த்துப் போனோம். வெள்ளைத் தலைமுடியைக் கொண்டையாகக் கட்டிய ஒரு அம்மையார் மேசைக்குப் பின்னால் நின்றார். நான் அவரை மதாம் என்று கூப்பிட்டேன். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே தொடங்கினார்.

"இவனுக்கு விக்கவேண்டாமெண்டு சொல்லு."

சொன்னேன். மதாம் ஆச்சரியப்படவில்லை. ஏன் என்று கேட்டார்.

"இவனுக்கு ஒண்டிலையும் நிதானம் இல்லை. கேட்டதுக்கெல்லாம் ஓம் எண்டுவான்."

அதையும் சொன்னேன். மதாம் மாமாவைப் பார்த்து, இவர் சொல்வது சரிதானா என்று கேட்டார். மாமா உடனே "வீ" என்றார். மதாம் சிரித்துவிட்டார். அப்படியென்றால் அக்காவுக்குத் திருப்தி வரும்வரை தான் எதையும் விற்பதில்லை என்று சொல்லி, மேசையைச் சுற்றி வந்து ஒரு கதிரையை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டார். நாள் முழுக்க மற்றவர்களுக்குக் கதிரை இழுத்துப் போடுகிற அம்மா, ஒரு கணம் அந்தக் கதிரையை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். கடையில் ஒருவர் கதிரையில் இருந்துவிட்டால் பிறகு அவர் வெறுங்கையோடு போவது கஷ்டம் என்பது அம்மாவே எனக்குச் சொல்லித்தந்த தொழில் இரகசியம்.

எதற்குத் துவக்கு என்று மதாம் கேட்டார். தட்டுச் சுடவும் வேண்டும், தாரா சுடவும் வேண்டும், ஆனால் ஒன்றுதான் வாங்கலாம் என்றார் மாமா. மதாம் ஒரு பெருமூச்சு விட்டார். அதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. கலியாணத்துக்கும் உடுக்கவேண்டும், வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கும் உடுக்கவேண்டும், ஒரு சீலைதான் வாங்குவேன் என்று வருகிறவர்களிடம் அம்மா விடுகிற அதே மூச்சு. அம்மா கதிரையில் கொஞ்சம் முன்னுக்கு வந்து இருந்தார்.

மதாம் பச்சைத் துணி விரித்த மேசையில் மூன்று துவக்குகளை எடுத்து வைத்தார்.

முதலாவது நீளமும் பாரமுமானது. உலோகத்தில் பூவும் கொடியுமாகச் செதுக்கியிருந்தது. மாமாவின் கண் அதில் ஒட்டிக்கொண்டது. தட்டுக்கு இதைப்போல வராது என்றார் மதாம். பறக்கிற தட்டைத் துரத்திக்கொண்டு குழல் போகும்போது, அந்தப் பாரம் அதை நடுவழியில் நிற்கவிடாது. நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் நோகாது. ஆனால் இதே பாரத்தைச் சேற்றுக்குள் சுமந்து நடந்து பார்க்கவேண்டும், தெரியும். மேலும் சதுப்பில் ஈயக் குண்டு சுடக்கூடாது. அது தண்ணீரை நஞ்சாக்கும். இரும்புக் குண்டுதான் சுடலாம். இரும்பு ஈயத்தைப்போல நசிந்து கொடுக்காது. இந்தத் துவக்கின் வாய் மிக ஒடுக்கம். அதற்கு இரும்பு ஒத்துவராது.

நான் மூச்சுவிடாமல் தமிழாக்கினேன். "கலியாணச் சீலை," என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். "அங்காலை வைக்கச் சொல்லு."

இரண்டாவது முழுக்கக் கறுப்பு. பாரம் இல்லை. மழையில் நனைந்தாலும் சேற்றில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, வெடிக்கும்போது தோளில் உதையும் குறைவு. வேட்டைக்காரர் பலர் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார் மதாம். ஆனால் தட்டுச் சுடுகிற இடத்தில் ஒவ்வொரு வெடிக்கும், வெடித்த தோட்டாவின் வெறுங்கோதைப் பக்கத்தில் நிற்பவர் மேல் எறியும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதும் வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது. மாமா அதைக் கையில் எடுக்கப் போனார்.

"கறுப்பு வேண்டாம்," என்றார் அம்மா. அவர் அதைப் பார்க்கவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு தாராப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நல்ல காரியத்துக்குக் கறுப்பு எடுப்பதில்லை என்பதால் சொல்கிறார் என்று நினைத்து, மதாமுக்கு அப்படியே விளக்கமும் கொடுத்தேன். மதாம் என்னை விட்டுவிட்டு அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு கறுப்பை எடுத்துச் சுவரில் வைத்தார்.

மூன்றாவது நடுத்தரமானது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல், அளவான நீளம், அளவான பாரம், மங்கிய மரக்கட்டை. இரும்புக் குண்டுக்குத் தாங்கும் என்று சோதித்ததற்கு அடையாளமாகக் குழலில் ஒரு சின்னப் பூ முத்திரை இருந்தது. குழல் வாய்க்குள் திருகிப் பூட்டுகிற சின்னக் குழாய்கள் ஒரு பெட்டியில் இருந்தன. குண்டுகள் எவ்வளவு பரந்து போகவேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கும். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை.

"தொண்டையை மாத்தலாமாம் அம்மா. தட்டுக்கு ஒரு தொண்டை, தாராவுக்கு இன்னொரு தொண்டை."

"பிளவுசை மாத்தினா அதே சீலை வேறை மாதிரித் தெரியுமே, அப்பிடியோ?"

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் மதாம் மேசையில் தட்டி, அதேதான் என்றார். இரண்டுக்கும் உதவுகிற துவக்கு இரண்டில் ஒன்றுக்கும் ஆகச்சிறந்ததாக இருக்காது. அதை ஒளிக்கக்கூடாது. ஆனால் வருடம் முழுக்க ஒன்றையே தோளில் வைப்பவருக்குத் தோள் அதைப் பழகிக்கொள்ளும் என்றார்.

மாமாவைக் கண்ணை மூடச் சொன்னார். கண் மூடியபடி துவக்கைத் தோளுக்கு உயர்த்தி, பிறகு கண்ணைத் திறக்கவேண்டும். திறக்கும்போது குழலின் நுனி தானாகக் கண்ணுக்கு நேரே நிற்கவேண்டும். அப்படி நின்றால் துவக்கு ஆளுக்குப் பொருந்துகிறது. மாமா குள்ளமான ஆள். தோளில் முட்டுகிற மரக்கட்டை நீளமாக இருந்ததால் அவர் கண்ணைத் திறந்தபோது துவக்கு கடையின் மின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. கட்டையை வெட்டிக் குறைத்துத் தருவேன் என்றார் மதாம். நீளமான கையை மடித்துத் தைத்துத் தருவேன் என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன அம்மா, அது நியாயம் என்று தலையாட்டினார்.

பிறகு மதாம் துவக்கை நடுவில் முறித்துத் திறந்தார். குழல் கீழே தொங்கியது. உள்ளே இரண்டு வட்டமாக வெளிச்சம் தெரிந்தது.

"இப்பிடித் திறந்து கிடந்தா வெடிக்காதோ எண்டு கேள்," என்றார் அம்மா.

வெடிக்கவே வெடிக்காது. சுடாத நேரம் எல்லோரும் இப்படித்தான் திறந்து வைத்திருக்கவேண்டும், தூரத்தில் நிற்கிறவருக்கும் அது தெரியும் என்றார் மதாம்.

"எவ்வளவு தூரத்திலை நிண்டாலும் தெரியுமோ?"

தெரியும்.

அம்மா மதாமை மூடச் சொன்னார். திறக்கச் சொன்னார். எழுந்து கடை வாசல்வரை போய் அங்கிருந்து பார்த்தார். அதே கேள்வியைத் திரும்பவும் கேட்கச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. திறந்து மூடுகிற சாமான்களில் அம்மாவுக்கு இவ்வளவு ஆசையா என்று நினைத்தேன்.

"இதுதான்," என்றார் அம்மா. மாமாவைப் பார்த்து, அவ்வளவு நாளுக்குப் பிறகு முதன்முதலாக நேரே சொன்னார்: "இதெண்டா வாங்கு."

மாமா பூச்செதுக்கிய துவக்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நீங்கள் சொன்னாச் சரி அக்கா," என்றார். போகும்போது அம்மா வாய்விட்டுக் கேட்டு, குழல் துடைக்கிற தூரிகை ஒன்றை இனாமாக வாங்கிக்கொண்டார். ஒன்றும் இனாமாக வாங்காமல் கடையைவிட்டு இறங்குவது எங்கள் குடும்பத்தில் இல்லை.

துவக்கு வீட்டுப் படி மிதிக்கவில்லை. கட்டை வெட்டி முடிந்ததும் மாமாவும் கேக் அன்ரியும் கேக் அன்ரியின் சின்னக் காரில் அதைக் கிழவரின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரும்பு அலுமாரி இருந்தது.

திருவிழாவுக்குக் கேக் அன்ரியின் காரில் எல்லோருமே போனோம். வெட்டவெளியில் ஒரு வயல். கூடாரத்துக்குள் நீள மேசைகள், பொரியல் மணம். ஒரு பள்ளத்தில் இருந்து யந்திரம் ஆரஞ்சு நிறத் தட்டுகளை எறியும். சுடுகிறவர் தயாரானதும் "புல்!" என்று, அதாவது ஆங்கிலத்தில் 'இழு' என்று, கத்தவேண்டும். கத்தியதும் தட்டு பறக்கும்.

"என்ன, எல்லாரும் புல்லைப் பாத்துக் கத்துறாங்கள்?" என்று அப்பா கேட்டார். அப்போதுதான் முதல் வெடி வெடித்தது.

அம்மா திரும்பி நடந்து காருக்குள் போய் இருந்துகொண்டார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். அப்பாவும் போய்ப் பக்கத்தில் இருந்தார். எனக்குக் கோபம் வந்தது. மாமாவின் பெரிய நாளில் காருக்குள் போய் இருக்கிறார்களே. நான் காதுக்குப் பெரிய மூடி போட்டுக்கொண்டு மாமாவுக்குப் பின்னால், மொழிபெயர்ப்பாளருக்கென்று ஒதுக்கிய கோட்டில் நின்றேன்.

மாமாவுக்கு ஒரு தட்டும் விழவில்லை. தட்டுகள் ஒவ்வொன்றாகப் பறந்து, தாங்களாகவே களைத்துப் புல்லில் இறங்கின. கிழவர் நெட்டையான ஆள், பேச்சுக் குறைந்தவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்திருந்துவிட்டு என்னிடம் குனிந்து ஒன்று சொன்னார். என் காதில் மூடி இருந்ததால் நான் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"மாமா! துவக்கைப் பாக்காதேங்கோ! தட்டைப் பாருங்கோ!"

வயல் முழுக்கத் தமிழ் கேட்டது. மாமா முறைப்படி துவக்கைத் திறந்து கீழே பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேசைகளைப் பார்த்து, "எந்தத் தட்டை?" என்று கேட்டார். சமையல்காரர் அல்லவா.

என் சிரிப்பு அடங்குவதற்குள் நான் காரைத் திரும்பிப் பார்த்தேன். கேக் அன்ரி கார்க் கதவைத் திறந்து அம்மாவுக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் ஒரு காது மூடி. அம்மாவின் கொண்டை கலையாமல், பூ நசியாமல், மெதுவாக அதைத் தலையில் வைத்துச் சரிசெய்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அம்மா அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேக் அன்ரி கையை நீட்ட, அம்மா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"புல்!" என்று மாமா கத்தினார். தட்டு எழுந்து போனது. இந்தமுறை அது நடு ஆகாயத்தில் உடைந்து ஆரஞ்சுத் தூளாகப் பரந்து, காற்றில் கொஞ்ச நேரம் நின்றது. நான் அம்மாவைப் பார்த்தேன். சத்தம் இல்லாமல் அது என்னவாகத் தெரிந்ததோ, அவர் வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை வாணவேடிக்கை பார்ப்பதைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைதட்டினார். அன்றைக்கு மாமா சுட்டு விழுத்தியது விரல்விட்டு எண்ணக்கூடியதுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அம்மா கைதட்டிய அளவுக்குச் சீலைக்கடைத் திறப்புவிழாவுக்குக்கூடத் தட்டியிருக்கமாட்டார். சாப்பாட்டு நேரம், வீட்டில் பொரித்துக்கொண்டுவந்த பற்றீஸ் முழுவதையும் டப்பாவோடு கேக் அன்ரியின் கையில் கொடுத்துவிட்டார். அது அம்மா யாருக்கும் இரவல் கொடுக்காத டப்பா. திரும்பி வரும்போது ஞாபகப்படுத்தினேன். "கிடக்கட்டும்" என்றார்.

இலையுதிர் காலத்தில் மாமா சதுப்புக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்பதில் அவருக்கும் கிழவருக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிழவர், இறகு பிடுங்கித் துப்புரவாக்கிய இரண்டு தாராக்களோடு பொண்டிக்கு வந்தார். கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். காரை ஓட்டி வந்தது கேக் அன்ரி. மாமா தாடி வழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். தாராக்கறிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு வியப்பு.

அம்மா வறுத்த தூள் போட்டுப் பிரட்டல் கறி வைத்தார். கிழவர் வேர்த்து, மூக்கைத் துடைத்து, மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டார். நடுவில் அவர் பல்லில் 'டிக்' என்று ஒரு சத்தம். வாயில் இருந்து ஒரு சின்ன இரும்புக் குண்டை எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்தார். அது மாமாவின் குண்டுதான் என்று அறிவித்தார். மாமாவின் முகம் மலர்ந்தது. தாரா விஷயத்தில் கிழவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தரம்தான்.

சாப்பாடு முடிந்ததும் கிழவர் நிமிர்ந்து இருந்தார். அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும், வடிவாக மொழிபெயர் என்று என்னிடம் சொன்னார்.

பிரெஞ்சில் எல்லாவற்றுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. உப்பு ஆண். கதிரை பெண், மேசை பெண், ஆயுதமும் பெண். கிழவர் கறி சாப்பிடும்போதெல்லாம் ஆயுதத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். எப்படித் துடைத்தார், எங்கே வைத்திருக்கிறார் என்று. அதனால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு 'எல்' என்று, அவள் என்று தொடங்கியபோது, துவக்கைப் பற்றித்தான் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"அம்மா, அது தன்ரை வீட்டிலை கனகாலம் இருந்திட்டுதாம். இனி மாமாவோடை போறதெண்டாத் தனக்கு மறுப்பு இல்லையாம்."

அப்பா என்னைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், பிறகு யன்னலைப் பார்த்தார். துவக்கு அங்கே போய்க் கனகாலம் ஆகவில்லையே என்று எனக்கும் பட்டதுதான். வயதானவர்களுக்கு நாள் போவது தெரியாது என்று விட்டுவிட்டேன்.

அம்மா ஆறுதலாகக் கேட்டார். "அதுக்கு இஞ்சை வர விருப்பமோ எண்டு கேள்."

துவக்குக்கு என்ன விருப்பம். ஆனாலும் கேட்டேன். மேசையில் எல்லோரும் கேக் அன்ரியைப் பார்த்தார்கள். கேக் அன்ரி காது வரைக்கும் சிவந்து "வீ" என்றார். துவக்குக்காக இவர் ஏன் பதில் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

கிழவர் தொடர்ந்தார். நான் விடாமல் தமிழாக்கினேன்.

"சிலநேரம் திடீரெண்டு வெடிக்குமாம். ஆனா நம்பலாமாம், ஒருநாளும் கைவிடாதாம். தாய் இல்லாமல் வளந்ததாம்."

கடைசி வசனத்தில் எனக்கே கொஞ்சம் தடுமாற்றம் வந்தது. ஒருவேளை அந்தத் துவக்கைச் செய்த கம்பனியை மூடிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "எங்கடை பக்கமும் அப்பிடித்தான் எண்டு சொல்லு. இவனுக்கும் நான் மட்டும்தான். நாங்கள் பத்திரமாப் பாப்பம் எண்டு சொல்லு."

"அம்மா! அது வீட்டுப் படி மிதிக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

அப்பாவுக்குத் தண்ணீர் புரைக்கேறியது. "பிள்ளை," என்றார் இருமலுக்கு நடுவில், "அம்மா சொன்னதை மட்டும் சொல்லு."

சொன்னேன். கிழவர் எழுந்து நின்று அம்மாவின் இரண்டு கைகளையும் தன் பெரிய கைகளுக்குள் பிடித்துக்கொண்டார். மாமாவை இழுத்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். கேக் அன்ரி என்னைக் கட்டிப்பிடித்து என் தலைமயிருக்குள் அழுதார். அந்த நாளுக்கென்று அவர் கொண்டுவந்திருந்த கேக்கை அப்பா வெட்டினார். முதல் துண்டு எனக்குத்தான். ஒரு துவக்கை எங்கே வைப்பது என்று முடிவானதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று யோசித்துக்கொண்டே அதைச் சாப்பிட்டேன்.

இளவேனில் காலத்தில் ஒரு மாலை, அம்மா சீலைக்கடையில் என்னைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, பட்டுப் பாவாடைத் துணிகளை என் இடுப்பில் வைத்து வைத்துப் பார்த்தார். மாம்பழ மஞ்சளும் ஊதாக் கரையும் சரிவந்தது. வேலை செய்கிற மற்றப் பெண்கள் சுற்றி நின்று அபிப்பிராயம் சொன்னார்கள்.

"ஆருக்கம்மா கலியாணம்?" என்று கேட்டேன்.

"உன்ரை மாமாவுக்கு. கேக் அன்ரியோடை."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே! ஆர் பேசினது?"

எங்கள் ஆட்களில் கலியாணம் என்றால் யாராவது பெரியவர்கள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்து பேசி முடிக்கவேண்டும். அது எனக்கும் தெரியும். மாமாவுக்கும் அம்மாவுக்கும் அப்படிப் பேசுவதற்கு ஊரிலும் இங்கேயும் பெரியவர்கள் என்று ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. அது எனக்குத் தெரியாது.

அம்மா ஊசியை வாயில் வைத்துக்கொண்டு, பாவாடையின் கொசுவத்தைச் சரிசெய்தபடி சொன்னார்.

"நீதானே பிள்ளை பேசி முடிச்சு வைச்சனி."

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது.